குடியிருக்கத் திருச்சியா, கும்பகோணமா?

திருச்சியில் வேலை இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, சிங்கப்பூருக்கு நேராக விமானம், ராத்திரி எந்நேரம் வந்து இறங்கினாலும் ஊருக்குப் போக ஒரு பஸ், இதெல்லாம் சின்ன விஷயமே இல்லை. ஆனால் சித்திரை வெயிலும் வாடகையும் ஆளை உலுக்கிவிடும். அப்புறம் தீபாவளி நேரத்து என்.எஸ்.பி. ரோடு கடைத்தெரு, அங்கே நடப்பதே பெரும்பாடு.

கும்பகோணத்தில் சாயங்காலம் மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்து, ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம், கடைக்காரர் நம் அப்பாவையும் விசாரிப்பார். முகூர்த்த நாளில் மட்டும் தெருக்கள் அடைத்துக்கொள்ளும். பெரிய வைத்தியம் என்றால் தஞ்சாவூருக்கு ஓடவேண்டும், அதுதான் பயம்.

வேலை தேடும் பிள்ளைகள் இருந்தால் திருச்சிதான் சரி. ஓய்வு பெற்றவர்களுக்குக் கும்பகோணம், அதுவும் உடம்பு தெம்பாக இருக்கும்வரை.