தமிழ்க் கட்டுரைக்குக் கீழே ‘தொடர்புடையவை’: யார்ப் பிளகினும் சொந்த டெம்ப்ளேட்டும்

சிங்கப்பூர்க் கோயில்கள், லிட்டில் இந்தியாவின் தேக்கா கடைகள், பழைய கம்பங்கள் (கிராமங்கள்) பற்றி நண்பர்கள் சேர்ந்து எழுதும் ஒரு தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகிறது. கட்டுரைகளின் அடியில் ‘தொடர்புடையவை’ காட்ட, யார்ப் (YARPP) என்ற பிளகினை, அதாவது வேர்ட்பிரஸ்ஸோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரலை, சில வருடங்களாக வைத்திருக்கிறோம். தமிழ் எழுத்தோடு அதை நீண்ட நாள் ஓட்டிப் பார்த்த அனுபவம் இது.

தலைப்பு, உள்ளடக்கம், வகை, குறிச்சொல் ஆகியவற்றை ஒப்பிட்டு ஒவ்வொரு கட்டுரைக்கும் யார்ப் மதிப்பெண் போடும். நாம் வைத்த வரம்பைத் தாண்டியவைதான் கீழே வரும். தலைப்பையும் உள்ளடக்கத்தையும் ஒப்பிட, அது மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் முழு உரைத் தேடலை நம்பியிருக்கிறது. தமிழுக்குச் சிக்கல் அங்கேதான். கோயில், கோயிலில், கோயிலுக்கு, கோயிலிலிருந்து எல்லாம் அந்தத் தேடலுக்கு வேறு வேறு சொற்கள். உருபைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் சொல்லைப் பார்க்க அதற்குத் தெரியாது. தைப்பூசக் காவடிகள் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் கிளம்பி டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் போய்ச் சேர்கின்றன. ஆனால் காவடிக் கட்டுரைக்குக் கீழே தெண்டாயுதபாணி கோயில் வரவில்லை. தீபாவளிச் சந்தை வந்து நின்றது.

அதனால் தலைப்பு, உள்ளடக்கம் இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று வைத்துவிட்டு, முழுப் பொறுப்பையும் குறிச்சொற்களிடம் கொடுத்தோம். ஒரு குறிச்சொல்லாவது பொதுவாக இருக்க வேண்டும் என்பதையும் கட்டாயமாக்கினோம். சர்வருக்கும் சுமை குறைந்தது. ஆனால் இதற்கு ஒழுங்கு வேண்டும். ஒருவர் ‘கோயில்’ என்றும் இன்னொருவர் ‘கோவில்’ என்றும் போட்டால் யார்ப் இரண்டையும் சேர்க்காது. எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். புதிதாக எழுத வருபவர் கையில் முதலில் கொடுப்பது அதைத்தான்.

அப்புறம் டெம்ப்ளேட், அதாவது ‘தொடர்புடையவை’ பட்டியல் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் கோப்பு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பிளகினோடு மாதிரி டெம்ப்ளேட்டுகள் வருகின்றன. ஒன்றை நகலெடுத்து, பெயரின் தொடக்கத்தை மாற்றாமல், தீம் (தளத்தின் தோற்றத்தைத் தரும் கோப்புகள்) கோப்புறையில் போட்டால் யார்ப்பின் அமைப்புப் பக்கத்தில் தெரியும். மூலத் தீமைத் தொடாமல் நம் மாற்றங்களைத் தனியே வைக்கும் சைல்ட் தீமில் போடுங்கள். தீம் அப்டேட் ஆனாலும் கோப்பு பத்திரமாக இருக்கும். உள்ளே இருப்பது கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் வேர்ட்பிரஸ்ஸின் வழக்கமான லூப்தான், கொஞ்சம் பிஎச்பி நிரல்மொழி தெரிந்தால் போதும்.

நாங்கள் சேர்த்ததில் பெரிய பலன் தந்தது ஒரே வரி: தலைப்புக்குப் பக்கத்தில் எழுதிய வருடம். இந்த ஊரில் கடைகள் மாறிக்கொண்டே இருக்கும். 2023ல் தேக்கா மையமே புதுப்பிப்புக்காகச் சில மாதங்கள் மூடியிருந்தது. ‘2018’ என்று பார்த்தாலே, பழைய தகவல் என்று தெரிந்துகொண்டுதான் வாசகர் உள்ளே போகிறார். அடுத்தது தலைப்பின் தோற்றம். ஆயத்தமாகக் கிடைக்கும் அட்டை வடிவங்கள் தலைப்பை ஒரே வரியில் வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடும். தமிழ்த் தலைப்பில் முக்கியமான சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதனால் வெட்டுவதை எடுத்துவிட்டு, வரி இடைவெளியைக் கூட்டினோம். ‘ளூ’, ‘ஞ்சு’ எல்லாம் அடுத்த வரியோடு உரசாமல் நிற்கின்றன. எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே கைப்பேசியில் படிப்பவருக்கு இது பெரிய வித்தியாசம்.

மதிப்பெண்ணை அச்சிடவும் டெம்ப்ளேட்டில் வழி உண்டு. நிர்வாகியாக உள்ளே நுழைந்தால் மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறோம். ஏன் இந்தக் கட்டுரை இங்கே வந்தது என்ற கேள்விக்கு அதைப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

பொருத்தமாக எதுவும் கிடைக்காத கட்டுரைகளுக்கு, டெம்ப்ளேட்டின் ‘இல்லையென்றால்’ பகுதியில் அதே வகையின் முகப்புக்கு ஓர் இணைப்பு மட்டும் கொடுத்திருக்கிறோம். சம்பந்தமில்லாத மூன்று படங்களைக் காட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். நூற்றுக்கணக்கில் தமிழ்க் கட்டுரைகள் வைத்திருப்பவர்களுக்கு யார்ப்பைத் தயங்காமல் சொல்வேன். பத்துப் பதினைந்துதான் இருக்கிறது என்றால் இணைப்புகளைக் கையாலேயே போட்டுவிடுங்கள், பிளகினே வேண்டாம்.