கிளென் கூல்டின் இரண்டு கோல்ட்பர்க்: எதை முதலில் வாங்கலாம்?

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை (ஒரு மெட்டும் அதன் 30 மாறுபாடுகளும் கொண்ட படைப்பு) கனடியப் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1955இலும் 1981இலும் நியூயார்க்கின் ஒரே கொலம்பியா ஸ்டுடியோவில் பதிவு செய்தார். முதலாவது சுமார் 38 நிமிடம், அடுத்தது 51. வேகம் மட்டுமே காரணமல்ல. 1955இல் 'திரும்ப வாசி' குறிகளை அறவே விட்டுவிட்டார். 1981இல் கேனன்கள் (ஒரே மெட்டை ஒரு குரல் தொடங்க, இன்னொன்று பின்தொடரும் பகுதிகள்) உட்படச் சிலவற்றின் முதல் பாதியை மட்டும் திரும்ப வாசிக்கிறார்.

தொடக்க மெட்டான ஆரியாவிலேயே வித்தியாசம் தெரியும்: முன்பு இரண்டு நிமிடத்துக்குள், பின்பு மூன்று நிமிடத்துக்கு மேல். பின்னதில் ஒவ்வொரு சுரமும் தனியே நின்று ஒலிக்கிறது. 1981இல் 30 மாறுபாடுகளையும் ஒரே தாளத்துடிப்பு கோர்க்கிறது. அந்தக் கட்டுமானம் பிரமிக்க வைப்பது, என் தேர்வும் அதுவே. ஆனால் விரல்களின் துள்ளலுக்கு 1955க்கு ஈடில்லை.

1955 பதிவு மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி. அதைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கிய பழைய எல்பி இசைத்தட்டுகளைத் தவிருங்கள், ஒலி கலங்கிவிடும். 1981 டிஜிட்டல் பதிவு சற்று வறண்டது. அந்தப் பதிவின்போது கூடவே ஓடிய அனலாக் நாடாவிலிருந்து எடுத்த 2002 வெளியீடு இதமானது. இரண்டிலும் கேட்கும் முனகல் கூல்டுடையது, ஹெட்ஃபோனில் கூடுதலாகத் தெரியும்.