கொழும்பு வெயிலுக்கு எந்த யன்னல்? அலுமினியம், யூபிவிசி, பலகை: ஒரு மதிப்பீடு

யன்னல் பார்க்கப் போனால் கடைக்காரர் முதலில் நீட்டுவது யூ-மதிப்பு எழுதிய கட்டலொக்கைத்தான். "இரட்டைக் கண்ணாடி, சூடு உள்ளுக்கு வராது" என்பார். அது பனி கொட்டும் ஊர்களுக்காகப் போட்ட கணக்கு. உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கிற வெப்பநிலை வித்தியாசத்தால் கண்ணாடி வழியே எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்பதையே யூ-மதிப்பு சொல்லும். கொழும்பில் வெளியே 32 பாகை, ஏசி அறைக்குள் 25 என்றால் வித்தியாசம் வெறும் 7. இங்கே கேட்க வேண்டியது எஸ்.எச்.ஜி.சி., அதாவது கண்ணாடியில் படும் வெயிலில் எத்தனை பங்கு வெப்பமாக உள்ளே வருகிறது என்ற எண்.

மேற்குப் பார்த்த, 1.5 மீற்றருக்கு 1.2 மீற்றர் யன்னல் ஒன்றை எடுங்கள். பின்னேரம் நாலு மணி வெயிலைச் சதுர மீற்றருக்கு 600 வாட் என்று வைத்தால் கண்ணாடியில் விழுவது 1,080 வாட். சாதாரணக் கண்ணாடியின் எஸ்.எச்.ஜி.சி. ஏறக்குறைய 0.8, ஆகவே 860 வாட்டுக்கு மேல் அறைக்குள் வருகிறது. 12,000 பீ.டி.யூ. ஏசியின் குளிரூட்டும் திறனில் இது கால்வாசி. 0.4 உள்ள கண்ணாடி போட்டால் 430 வாட் மிச்சம். அதே யன்னலில் பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடியால் யூ-மதிப்பை 5.7-இலிருந்து 2.8-க்கு இறக்கினால், கடத்தலில் மிச்சமாவது 40 வாட் கூட இல்லை. இரண்டுக்கும் கடையில் வாங்கும் காசை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கண்ணாடிக்கு முதல் சன்ஷேட். கொழும்பில் டிசம்பர் நண்பகலிலும் சூரியன் தெற்கே 60 பாகை உயரத்தில் நிற்கும். அதனால் 4 அடி உயரத் தெற்கு யன்னலை 2 அடி 4 அங்குலச் சன்ஷேட் நண்பகலில் முழுதாக மறைத்துவிடும். வடக்குப் பக்கத்துக்கு ஒன்றேகால் அடி போதும். மேற்கில் இந்தக் கணக்கு எடுபடாது. நாலு மணிச் சூரியன் 30 பாகை அளவில் இறங்கி நேரே முகத்தில் அடிக்கும். அதை மறைக்க ஆறடிக்கு மேல் நீட்ட வேண்டும். மேற்கு யன்னலைச் சிறிதாக வையுங்கள். வெளிப்பக்கம் நிலைக்குத்தான மறைப்போ, விறாந்தையோ போடுங்கள். உள்ளே தொங்கும் திரைச்சீலை வெளிச்சத்தைக் குறைக்கும் அளவுக்கு வெப்பத்தைக் குறைக்காது. வெப்பத்தில் பெரும்பங்கு அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது.

இனி யன்னல்கள். அலுமினிய ஸ்லைடிங்தான் இங்கே அதிகம் விற்கிறது. விலையும் இடமும் காரணம். எங்கள் கணிப்பில் இதுவே மூன்றிலும் கடைசி. இரண்டு தடத்தில் ஓடும் யன்னல் எவ்வளவு இழுத்தாலும் பாதிதான் திறக்கும். மூடினாலும் ஓரத்து நார்ப் பிரஷ் வழியே ஏசிக் காற்று கசியும். ஊதுபத்தியை ஓரத்தில் பிடித்தால் புகை வளைவதிலேயே தெரியும். தென்மேற்குப் பருவக் காற்றில் மழை சாய்ந்து அடிக்கும்போது இன்னொரு தொல்லை: மணிக்கு 55 கி.மீ. காற்று, அடித் தடத்தில் தேங்கிய தண்ணீரை 15 மி.மீ. வரை உள்பக்கம் உயர்த்தி நிறுத்தும். தடத்தின் உள்விளிம்பு அதைவிட உயரமாக இல்லாவிட்டால் தரை நனையும். தண்ணீர் வெளியேறும் துளைகளை மேசன் பாஸ் சாந்தால் அடைத்துவிட்டுப் போவதும் வழமை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கடலோரமென்றால் பவுடர் கோட்டிங் குறைந்தது 60 மைக்ரோன் என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். ஆணிகள் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரண இரும்பு ஸ்க்ரூ உப்புக் காற்றில் துருப்பிடிப்பதோடு, அலுமினியத்தையும் தன்னைச் சுற்றி அரிக்க வைக்கும்.

ஏசி போடும் அறைக்கு யூபிவிசி கேஸ்மென்ட், அதாவது கதவு மாதிரித் திறக்கும் கடினப் பிளாஸ்டிக் யன்னல், நல்ல தெரிவு. ரப்பர் கஸ்கட்டில் அழுந்தி மூடுவதால் கசிவு குறைவு. திறந்தால் முழு அகலமும் காற்று. வாங்கும்போது வெட்டிய துண்டொன்றைக் கேட்டு உள்ளே பாருங்கள். கல்வனைஸ் இரும்புக் குழாய் செருகியிருக்க வேண்டும். அது இல்லாமல் செய்த பெரிய கதவு கண்ணாடிப் பாரத்தில் தொங்கி, கைப்பிடிப் பக்கம் நிலையில் இடிக்கும். கஸ்கட் ஈபிடிஎம் என்ற வெயில் தாங்கும் ரப்பராக இருக்கட்டும், மலிவான பிவிசி கஸ்கட் வெயிலில் இறுகிச் சுருங்கும். வெள்ளை நிறமே எடுங்கள், கடும் நிறம் மேற்கு வெயிலில் சூடேறி வளையும். பிரேமின் உள்ளே ஐந்து அறை, ஆறு அறை (வெற்றுக் கூடுகள்) என்று விளம்பரம் செய்பவை நமக்கு வீண் செலவு. வெளியே திறக்கும் யன்னலுக்கு நுளம்பு வலை உள்ளேதான் வரும். கைப்பிடிக்குக் கை போக வழி இருக்கிறதா என்று கிரில் அடிக்கும் முன்பே பாருங்கள்.

ஏசி இல்லாத, நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் அறைக்கு இன்னும் தேக்கு, பலா நிலையை மிஞ்ச ஆளில்லை. மொறட்டுவைத் தச்சரிடம் நன்றாகக் காய்ந்த பலகையா என்று மட்டும் உறுதிசெய்யுங்கள். பச்சைப் பலகை மாரியில் ஊதி மூடாது, கோடையில் இடைவெளி விடும்.

இரட்டைக் கண்ணாடி வாங்கியே தீருவதென்றால் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய லோ-ஈ பூச்சு கண்ணாடியின் எந்த முகத்தில் என்று கேளுங்கள். வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாவது முகத்தில் இருக்க வேண்டும். குளிர் நாட்டுக்காகச் செய்தவற்றில் பெரும்பாலும் மூன்றாவதில் இருக்கும். லைட்டர் சுடரை வெளிப்பக்கம் பிடித்தால் நாலு பிரதிபலிப்பு தெரியும். அவற்றில் நிறம் மாறித் தெரிவதுதான் பூச்சுள்ள முகம். காலி வீதி இரைச்சல்தான் பிரச்சினை என்றால் 6.38 மி.மீ. லமினேட்டட் கண்ணாடி (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரண்டு தகடு) போதும். அதையும் கசிவில்லாத பிரேமில் போட்டால்தான் பலன். டெம்பர் செய்த (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது. ஆகவே சுவருக்குச் சாந்து பூசி முடிந்து அளவெடுத்த பிறகே ஓடர் கொடுங்கள்.

பொருத்தும் நாளில் இரண்டு விஷயம் பாருங்கள்: அடிக்கட்டு வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா, சிலிக்கன் டியூபில் 'நியூட்ரல்' என்று எழுதியிருக்கிறதா. வினாகிரி வாடை அடிக்கும் சிலிக்கன் சீமெந்தில் ஒட்டாமல் உரியும், இரட்டைக் கண்ணாடியின் ஓரத்தை ஒட்டியிருக்கும் பசையையும் கெடுக்கும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் தோட்டக் குழாயால் கீழிருந்து மேலாக, பக்கத்துக்குப் பத்து நிமிஷம் தண்ணீர் அடித்து உள்ளே ஒருவரை நிறுத்திப் பாருங்கள். மேலிருந்து தொடங்கினால் எந்த மூட்டு ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.