ஆரி மெட்டீரியல் மொத்தமாக வாங்குகிறீர்களா? சாம்பிள் ஒன்று, வரும் சரக்கு வேறு

ஆரி என்பது கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி. ஆடி முடிவதற்குள் ஆவணி முகூர்த்த பிளவுஸ் ஆர்டர்கள் குவிந்துவிடும். அதுவரை பக்கத்துக் கடையில் 50 கிராம், 100 கிராம் என்று வாங்கியவர்கள் மொத்தமாக எடுக்க நினைப்பதும் அப்போதுதான். சரியாக அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஹோல்சேல் விலைப்பட்டியல் வரும். சாம்பிள் அருமையாக இருக்கும். முழுப் பணத்தையும் முன்னாடியே வாங்கிக்கொண்டு, அனுப்புவது வேறு சரக்கு. கேட்டால் "லாட் மாறிடுச்சு மேடம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." மறுபடி கேட்டால் பிளாக். எங்கள் ஆரி வட்டத்தில் இப்படிப் பணத்தை விட்டவர்கள் பலர். விற்பவரின் எண் மாறிக்கொண்டே இருக்கிறது, முறை மட்டும் மாறவில்லை.

பெரிய அடி நூலில்தான். 'சில்க் த்ரெட்' என்று விற்பது பெரும்பாலும் ரேயான் அல்லது பாலியஸ்டர். அது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஏமாற்று அதில் இல்லை. சாயம் நிற்காததுதான் சிக்கல். அரக்கு, கரும்பச்சை, ராயல் ப்ளூ போன்ற அடர்நிறங்கள்தான் அதிகம் காலை வாரும். சந்தன நிற பிளவுஸில் அரக்கு நூலால் லோடு ஸ்டிட்ச் (இடத்தை நிரப்பி அடர்த்தியாகப் போடும் தையல்) போட்டு முடித்து, மிச்சமிருக்கும் ட்ரேஸிங் கோட்டை ஈரத்துணியால் துடைக்கும்போது ஓரமெல்லாம் ரோஸ் கறை இறங்கும். புடவையோடு வந்த பிளவுஸ் பிட் என்றால் மாற்றுத்துணியும் கிடைக்காது. நூலில் மிச்சம் பிடித்த காசைவிடப் பல மடங்கு அந்த ஒரு பிளவுஸில் போய்விடும்.

அதனால் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு முழம் வெட்டி நனைத்து, வெள்ளைக் காட்டன் துணியில் மடித்து மிதமான சூட்டில் அயர்ன் பண்ணுங்கள். துணியில் லேசாக நிறம் ஒட்டினாலும் அந்த நூல் கோனைத் தொடாதீர்கள். புது லாட் வரும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும். சாம்பிளில் பார்த்தது கணக்கில் வராது.

ஜரியில் பத்துச் சங்கிலித் தையல் போட்டுப் பிரித்துப் பாருங்கள். மட்டமான ஜரியில் மேல் பிலிம் உரிந்து உள்ளே இருக்கும் நூல் தெரியும். செம்புக் கம்பி ஜரி என்றால் உப்புத்தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் கறுத்திருந்தால், கை ஓரத்திலும் கழுத்திலும் வியர்வை பட்டாலும் அதே கதிதான்.

பீட்ஸில் எடை விளையாட்டு. பேச்சில் அரைக்கிலோ, பாக்கெட்டில் 450 கிராம். 11/0 என்ற பொடி அளவு பீட்ஸ் கிராமுக்குச் சுமார் 110 மணி வரும். 50 கிராம் குறைந்தால் 5,500 மணி போச்சு. நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு மணியைத் தேய்த்துப் பாருங்கள்; வெறுமனே மேலே பூசிய நிறம் என்றால் பஞ்சுக்கு வந்துவிடும். கட் பீட்ஸில் ஓட்டை விளிம்பு கூராக இருந்தால் நூலை அறுக்கும். நாலு மணியை நூலில் கோத்து முன்னும் பின்னும் இழுத்தாலே தெரியும்.

பணம் போடும் முன் ஜிஎஸ்டி எண் கேளுங்கள். அதில் 15 எழுத்து இருக்கும், முதல் இரண்டு மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாடு 33, குஜராத் 24. சூரத்திலிருந்து நேரடி சரக்கு என்பவர் 33-இல் தொடங்கும் எண்ணைக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் வரும் பெயரும் யுபிஐயில் வரும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் அனுப்பாதீர்கள். பார்சல் வந்ததும் முகவரிச் சீட்டிலிருந்து தராசு வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள்.

பணம் போய் ஆளையும் காணவில்லை என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தரம் குறைந்த சரக்கு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. "தொழிலுக்கு வாங்கினீங்க, நுகர்வோர் சட்டம் செல்லாது" என்று விற்பவர் மிரட்டுவார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென்றே வாங்கிய பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் செல்லும். பில்லும், அந்த லாட்டில் ஒரு கோன் நூலும் கையில் இருக்கட்டும்.