பழைய பாட்டம் பிராக்கெட் ஷெல்கள்: அழுத்தத் தகடா, வார்ப்பா?

லக் எனும் இணைப்பு உறைகளை வைத்துப் பற்றவைக்கும் எஃகு சைக்கிள் ஃபிரேமில் சீட் குழாய், டவுன் குழாய், பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு செயின்ஸ்டே என நான்கு குழாய்களும் வந்து சேரும் இடம், மிதி அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட் ஷெல் என்பதால், அது கோணினால் ஃபிரேமும் கோணிவிடும். பழைய சரக்காகக் கிடைக்கும் இரு வகைகளை, அதாவது பிரான்சின் நெர்வெக்ஸ் அழுத்தத் தகட்டில் செய்த ஷெல்லையும் இத்தாலியின் சினெல்லி பெயரில் வந்த மெழுகு வார்ப்பு ஷெல்லையும், வாங்க நினைப்பவர்களுக்காக இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

அழுத்தத் தகட்டு ஷெல்லின் உட்புறத்தில் விரலை ஓட்டினால் பற்றவைத்த தடம் தட்டுப்படும். குழாய் நுழையும் வாய்களின் விளிம்பும் ஒரே கனமாக இராது. அரைவட்ட அரத்தைக் கொண்டு நெடுநேரம் தேய்த்த பிறகே குழாய் சீராக உட்காரும் என்பதால், விலையில் மிச்சமாவது உழைப்பில் போய்விடுகிறது. வெள்ளிப் பற்றாசுக்கு ஏறக்குறைய 0.05 முதல் 0.1 மி.மீ. இடைவெளியே உகந்தது, அதைவிட அகன்ற இடைவெளியை நிரப்பப் பித்தளைப் பற்றாசுதான் ஏற்றது, ஆனால் அதற்குக் குழாயை மிக அதிகமாகச் சூடேற்ற வேண்டும். எனினும், ஃபிரேமின் கோணம் சற்று மாறுபட்டால் தகட்டு ஷெல்லின் வாயைத் தட்டி வளைத்துக்கொள்ள முடிகிறது. வார்ப்பு ஷெல்லில் அந்தச் சலுகை மிகக் குறைவு. அது துல்லியமாகப் பொருந்தும். ஆனால் அது வார்க்கப்பட்ட கோணத்துக்கு நாம்தான் இணங்கிப்போக வேண்டும்.

குழாயின் விட்டத்தையும் கவனிக்க வேண்டும். ஆங்கில அளவில் டவுன் குழாய் 28.6 மி.மீ., பழைய பிரெஞ்சு அளவில் 28 மி.மீ. ஆகையால், வெர்னியர் வைத்து அளக்காமல் எந்த ஷெல்லையும் அடுப்பில் காட்டக் கூடாது.

உண்மையான சிக்கல் மரையில்தான் இருக்கிறது. நம்மூரில் சைக்கிள் பெயராகவே பழகிப்போன பி.எஸ்.ஏ.யின் பெயரால் வழங்கும் ஆங்கில மரை 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 புரியும் கொண்டது; பிரெஞ்சு மரை 35 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரியிடைவெளியும் கொண்டது. இரண்டுக்கும் ஷெல்லின் அகலம் 68 மி.மீ. என்பதால் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம். ஆங்கில மரை என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட ஒரு ஷெல்லில், செயின் பக்கத்துக் கப்பை (அச்சின் பேரிங்கைத் தாங்கி ஷெல்லில் திருகப்படும் கிண்ணத்தை) இடப்புறமாகத் திருப்பியபோது அது பிடிக்கவே இல்லை. ஆங்கில ஷெல்லில் அந்தப் பக்கம் இடது மரை. பிரெஞ்சில் இரு பக்கமும் வலது மரை. வாங்குமுன் அந்தப் பக்கத்தின் தெளிவான படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

பழைய ஃபிரேமை அதன் காலத்துத் தோற்றத்திலேயே மீட்டெடுப்பவருக்கு நெர்வெக்ஸ் ஷெல் தகும். அதன் நெளிவான விளிம்புகளுக்கு இணையாக வார்ப்பில் நான் எதையும் காணவில்லை. புதிதாகக் கட்டுபவர், முதல் ஃபிரேம் என்றால் கட்டாயமாக, வார்ப்பையே எடுக்கட்டும். மரை கெட்டிருந்தாலோ மாறியிருந்தாலோ ஷெல்லை எறிய வேண்டியதில்லை: 36 மி.மீ. இத்தாலிய மரையாக மறுபடி வெட்டிக்கொள்ளலாம். ஆனால் இத்தாலிய மரை இரு பக்கமும் வலதாக இருப்பதால் செயின் பக்கத்துக் கப்பு ஓட்டத்தில் தளரக்கூடும். அதை நன்றாக இறுக்கிவைக்க வேண்டும்.