ஆயி மண்டபம் காணச் செல்வோர் கவனத்துக்கு

என் தந்தையார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கடலூரிலிருந்து புதுச்சேரி பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவுதான் என்றாலும், ஊருக்காகக் குளம் வெட்டியவள் என்று சொல்லப்படும் ஆயியின் கதையை ஆண்டுக்கணக்கில் வகுப்பறையில் சொல்லிவந்த அவர், புதுச்சேரி பாரதி பூங்காவில் அவள் பெயரால் நிற்கும் ஆயி மண்டபத்தை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அந்தக் குறையைத் தீர்க்க எண்ணிக் கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் அம்மாவையும் அழைத்துச் சென்றேன். அன்று நாங்கள் ஏமாற்றப்பட்டோம். அதே இடத்தில் வேறு எவரும் ஏமாறக் கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

மணக்குள விநாயகரைத் தரிசித்துவிட்டு வெளியே வந்து, பாரதி பூங்காவுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தபோது, கழுத்தில் அட்டை மாட்டியிருந்த ஒருவர் தாமாகவே முன்வந்து பேசினார். முக்கியப் பிரமுகர் வருகையால் பூங்கா அன்று மூடப்பட்டிருப்பதாகவும், அங்கே இருப்பது பிற்காலத்தில் கட்டிய வெறும் நகல் என்றும், ஆயி கட்டிய உண்மையான நீரூற்று பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் ஒரு தனியார் வீட்டுக்குள் இருப்பதாகவும், அதைப் பார்க்க அனுமதிக் கட்டணம் ஒருவருக்கு 600 ரூபாய் என்றும் சொன்னார். ஆளுநர் மாளிகையும் சட்டப்பேரவையும் பூங்காவை ஒட்டியே இருப்பதால், பூங்கா மூடப்பட்டிருக்கும் என்பது எனக்கு நம்பத்தக்கதாகவே பட்டது. அப்பாவை "ஐயா, ஐயா" என்று அவர் அழைத்த பணிவும் என் கண்ணை மறைத்தது. மூவருக்கும் 1,800 ரூபாயைக் கைபேசி வழியாக அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, "உள்ளே தருவார்கள்" என்றார்.

முழங்கால் வலி உள்ள அப்பாவுக்காக என்று சொல்லி அவரே ஓர் ஆட்டோவை அழைத்தார். அது துய்மா வீதியையும் ரொமேன் ரோலான் வீதியையும் இரண்டு முறை சுற்றிவந்து, பழம்பொருள் விற்கும் ஒரு கடையின் வாசலில் நின்றது. அதற்கு 300 ரூபாய் தனியே வாங்கப்பட்டது. கடையின் பின்முற்றத்தில் வெள்ளை வண்ணம் பூசிய ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. அப்பா அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பூசிய கரண்டியின் தடம் இன்னும் தெரிந்தது. தொட்டிக்குப் பின்னால் பிளாஸ்டிக் குழாயும், ஓடிக்கொண்டிருந்த சிறு மோட்டாரும் இருந்தன. படம் எடுக்கக் கூடாது என்று தடுத்துவிட்டு, பித்தளைப் பொருள்களை வாங்கும்படி அம்மாவை வற்புறுத்தினார்கள்.

பணத்தைவிட அப்பாவை வருத்தியது அங்கே அவர் கேட்க நேர்ந்த கதை. ஆயி என்பவள் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் ஆசைநாயகி என்றும், அவளுக்குப் பரிசாக அவர் கட்டிய ஊற்று இது என்றும் அந்த மனிதர் கூசாமல் சொன்னார். துய்ப்ளேக்ஸ் இங்கே ஆளுநராக இருந்தது 1742 முதல் 1754 வரை. ஆயி மண்டபமோ அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1852 முதல் 1870 வரை பிரான்சின் பேரரசராக இருந்த மூன்றாம் நெப்போலியன் காலத்தில், நகருக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக எழுப்பப்பட்டது. ஆயியின் கதை அதற்கும் முந்தையது. விளக்கொளியில் பொலிந்த அவள் மாளிகையைக் கோயில் என்று எண்ணி விசயநகர மன்னர் கைகூப்பினார் என்றும், அது ஒரு தாசியின் வீடு என்று அறிந்ததும் சினந்து இடிக்க ஆணையிட்டார் என்றும், அவள் தன் கையாலேயே வீட்டை இடித்து அந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாள் என்றும் மக்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அந்தக் குளம் இருந்த முத்தரையர்பாளையத்திலிருந்துதான் பிரெஞ்சுக்காரர்கள் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவுக்கு வாய்க்கால் அமைத்து நகருக்கு நீர் கொண்டுவந்தார்கள். தனக்கென்று இருந்த ஒரே வீட்டை ஊருக்கு நீராகக் கொடுத்தவளை ஓர் ஆளுநரிடம் பரிசு பெற்றவளாக மாற்றிக் காசு பார்ப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அப்பா குரலை உயர்த்தவில்லை. "தம்பி, அந்த அம்மாவைப் பற்றி இப்படிச் சொல்லாதே" என்று மட்டும் கூறிவிட்டு வெளியே வந்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, அது வீட்டு உரிமையாளருக்குப் போய்விட்டது என்றார்கள்.

அங்கிருந்து நடந்தே பாரதி பூங்காவுக்குப் போனோம். வாயில் திறந்திருந்தது, கட்டணம் எதுவும் கிடையாது, குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நடுவே வெண்ணிறத்தில் நின்றது மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இடம்பெற்றிருப்பதும் அதுதான். அப்பா அதன் நான்கு பக்கமும் மெதுவாகச் சுற்றிவந்து, அம்மாவுக்கு அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னார்.

மணக்குள விநாயகர் கோயிலிலிருந்து அந்தப் பூங்கா சில நிமிட நடைதான். மூடியிருக்கிறது என்று யார் சொன்னாலும் வாயில் வரை போய்ப் பார்த்துவிடுங்கள். வழிகாட்டி வேண்டுமென்றால் கடற்கரைச் சாலையில் உள்ள சுற்றுலாத் துறையின் தகவல் மையத்தில் கேளுங்கள். கழுத்தில் தொங்கும் அட்டையை மட்டும் நம்பாமல், அதில் உள்ள படத்தையும் பெயரையும் படித்துப் பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை. பணம் அனுப்பும்போது திரையில் தெரிந்த பெயர் அவர் சொன்ன பெயர் அல்ல என்பதையும் வீட்டுக்கு வந்த பிறகே கவனித்தேன். அந்தப் பரிமாற்றப் பதிவை இணைத்துக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறோம். "தனியார் வீட்டு நீரூற்று" என்ற பெயரில் உங்களிடமும் பணம் வாங்கியிருந்தால், அந்தப் பதிவை அழித்துவிடாமல் வைத்திருந்து நீங்களும் புகார் கொடுங்கள்.