உறுமி மேளப் பதிவுக்கு நிகழ்நேர லினக்ஸ்: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோயில் திருவிழாக்களில் உறுமி மேளக் குழுக்களுக்கு ஒலிப்பதிவும் நேரடி ஒலியமைப்பும் செய்து தரும் எங்களிடம் இருப்பவை லினக்ஸ் இயங்கும் ஒரு பழைய மடிக்கணினியும் யூஎஸ்பி ஒலி இடைமுகமும்தான். பாடகர் தம் குரலை எதிரொலி சேர்த்து ஹெட்ஃபோனில் கேட்டபடி பாடுவதால், தாமதம் சற்றுக் கூடினாலும் தாளம் தப்பிவிடும். விநாடிக்கு 48,000 மாதிரிகள், ஒருதடவைக்குக் கையாளும் ஒலித்தொகுதி (பஃபர்) 128 மாதிரிகள் என்று வைத்தால், ஒவ்வொரு 2.67 மில்லிவிநாடிக்குள்ளும் ஒலிப்பணிக்குச் செயலி கிடைத்தாக வேண்டும். ஒருமுறை தவறினாலும் 'டிக்' என்ற சத்தம் பதிவில் ஏறிவிடும். "அண்ணே, சத்தம் ஒடையுது" என்று உறுமி வாசிக்கும் தம்பி கோலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். சராசரி வேகம் எவ்வளவு என்பது அவருக்குத் தேவையற்ற கணக்கு. கெடு தவறாமல் பணி நடக்கும்படி லினக்ஸை அமைப்பதையே நிகழ்நேர லினக்ஸ் என்கிறோம்.

எந்தப் பணிக்கு எப்போது செயலி என்று முடிவு செய்யும் லினக்ஸின் வழக்கமான ஷெட்யூலர், 2023இல் வந்த 6.6 பதிப்பு முதல் பயன்படும் ஈஈவிடிஎஃப் உட்பட, எல்லாப் பணிகளுக்கும் நியாயமான பங்கு தரவே முயல்கிறது. எங்களுக்குத் தேவையானதோ பாரபட்சம். ஒலிப்பணியை, சாதாரணப் பணிகளுக்கு முன்னே ஓடும் 'ஷெட் ஃபைஃபோ' என்ற நிகழ்நேர வகையில் சேர்த்து, 1 முதல் 99 வரையிலான முன்னுரிமைகளில் உயர்ந்த ஒன்றைக் கொடுத்தவுடனேயே பெரும்பாலான உடைசல்கள் மறைந்தன. புதுக் கணினி வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம் என்பது என் கருத்து. கெட்டுப்போன பிளக்இன் (ஒலி விளைவு தரும் துணை நிரல்) ஒன்று இந்த முன்னுரிமையுடன் முடிவின்றிச் சுற்றினாலும் கணினி முழுவதும் உறைந்துவிடுவதில்லை. இயல்பு அமைப்பிலேயே ஒவ்வொரு விநாடியிலும் 50 மில்லிவிநாடி பிற பணிகளுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது.

எஞ்சிய உடைசல்களுக்குக் காரணம் லினக்ஸின் உட்கருவான கர்னலுக்குள்ளேயே இருந்தது. வைஃபை டிரைவர் இன்டரப்டை (செயலியைக் கவனிக்கச் சொல்லி வன்பொருள் அனுப்பும் குறுக்கீட்டை) கையாளும்போது, எவ்வளவு உயர்ந்த முன்னுரிமை இருந்தாலும் ஒலிப்பணி காத்திருக்க வேண்டியிருந்தது. நிகழ்நேரப் பணிக்கென மாற்றப்பட்ட 'பிரீயெம்ப்ட் ஆர்டி' கர்னல் இன்டரப்ட் வேலைகளைத் தனி இழைகளாக்கி, அவற்றுக்கும் முன்னுரிமை வகுக்க வழி செய்கிறது. ஒரே வளத்தை ஒருசேரத் தொடாமல் காக்கும் பூட்டைப் பிடித்திருக்கும் தாழ்ந்த பணிக்கு, காத்திருக்கும் உயர்ந்த பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தருகிறது. (1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப மறுதொடக்கமானதும், ஒரு பூட்டுக்கு இந்த வசதி இயக்கப்படாமல் இருந்ததால்தான்.) முன்பெல்லாம் ஒவ்வொரு கர்னலுக்கும் தனி ஒட்டு (நிரல் திருத்தத் தொகுப்பு) போட வேண்டியிருந்தது, 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில் இது மைய கர்னலிலேயே இணைந்தபின் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

குறைகளும் உண்டு. கலவை செய்த பாடலைக் கோப்பாக்குவதற்குச் சற்றுக் கூடுதல் நேரமாகிறது. தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர் தானாகச் செயலியைப் பறித்துக்கொள்ளும் தருணங்களைக் கர்னலால் தடுக்கவே முடியாது. மின்சிக்கன அமைப்பால் செயலி வேகம் ஏறி இறங்குவதும் தாமதத்தைக் கூட்டுவதால், திருவிழா நாளில் அதைப் 'பெர்ஃபாமன்ஸ்' நிலையில் பூட்டி வைக்கிறோம். அப்போது காற்றாடி இரைவதால் கணினியை மைக்கிலிருந்து தள்ளியே வைக்க வேண்டியிருக்கிறது.